உருமாறும் ரோபோ வாங்குமுன் பூட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில், தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் (அன்பளிப்பு உறை) காசில் பிள்ளை வாங்கிய உருமாறும் ரோபோ மறுநாளே கை வேறு கால் வேறாகிப் போனதென்று ஒரு தந்தை எழுதியிருந்தார். சீனாவில் செய்த பிளாஸ்டிக் என்றால் அப்படித்தான் என்பது அவர் முடிவு. ஆதங்கம் நியாயமானது, முடிவுதான் சரியில்லை. ஈப்போ பேரங்காடிகளில் விற்கும் விலை கூடிய ரோபோக்களும் பெரும்பாலும் சீனாவிலோ வியட்நாமிலோதான் வார்க்கப்படுகின்றன. உடைவதா நிலைப்பதா என்பதைத் தீர்மானிப்பவை மூட்டும், பாகங்களைக் கவ்விப் பிடிக்கும் பூட்டும். அவற்றை வாங்கும் முன்பே சோதிக்கலாம், உடைந்த பின்பும் பெரும்பாலும் சரிசெய்யலாம். அதற்காகவே இந்தக் கடிதம்.

டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மின்கம்பத்தில் தொங்குவது என்று நினைக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு விளக்கம். காராகவோ லாரியாகவோ விமானமாகவோ இருக்கும் பொம்மையை மடக்கித் திருப்பி விரித்தால் அது எழுந்து நிற்கும் ரோபோவாகும். ஜப்பானின் தக்காரா நிறுவனம் 1980-இல் டயாக்லோன் என்ற வரிசையையும், 1983-இல் மைக்ரோ சேஞ்ச் என்ற வரிசையையும் கொண்டுவந்தது. அந்த வார்ப்புகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ உரிமம் பெற்று, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயரிட்டு விற்றது. அந்த ஆண்டு வந்த ஆப்டிமஸ் பிரைமின் உருமாற்றத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். லாரியின் முன்கண்ணாடி நெஞ்சாகும், பக்கங்கள் கைகளாகும், பின்பகுதி கால்களாக நீளும், தலை உள்ளிருந்து எழும்பும். ஒரே தொல்லை, முஷ்டிகள் தனியாகக் கழன்று வருபவை. லாரியாக்கும்போது எடுத்து வைத்த முஷ்டி எத்தனை வீட்டில் அலமாரிக்கு அடியில் போயிருக்குமோ!

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வடிவமைப்பவரின் தலைவலி மாறவில்லை. காரின் தோல் முழுவதையும் ரோபோவின் உடம்பில் எங்கே ஒளிப்பது? இதற்கு மூன்று வழிகள் உண்டு. பானட்டே நெஞ்சாகவும் பின்சக்கரப் பகுதியே கெண்டைக்காலாகவும் அமைவது முதல் வழி. இதுதான் சிறந்தது, கடினமானதும் இதுதான். கூரை, கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் மடித்து முதுகில் மூட்டையாகக் கட்டிவிடுவது இரண்டாவது. கழற்றி வைத்துவிடுவது மூன்றாவது. முதுகில் மூட்டை கட்டிய ரோபோ படத்தில் அழகாக இருக்கும், மேசையில் நிறுத்தினால் மல்லாந்து விழும். அதன் எடை குதிகாலுக்குப் பின்னால் போய்விடுகிறது. வாங்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். முதுகுச் சுமை பின்னால் நீண்டிருக்கும் அளவுக்குக் குதிகாலும் பின்னால் நீண்டிருக்கிறதா? இல்லையென்றால் அந்த ரோபோ வாழ்நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்துதான் நிற்கும்.

இனி ஒன்றைக் கையில் எடுத்தே பார்ப்போம். பெட்டியில் டீலக்ஸ் என்று போட்டிருக்கும், ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் உயரமுள்ள சாதாரணக் கார் ரோபோ. காரை ரோபோவாக்கும்போது உடைவது குறைவு. ரோபோவைத் திரும்பக் காராக்கும்போதுதான் உடைகிறது. விரிக்கும்போது பாகங்கள் எப்படி வேண்டுமானாலும் போகலாம். மூடும்போது ஒவ்வொன்றும் ஒரே இடத்தில்தான் உட்காரும், அதுவும் வரிசைப்படி. முதலில் இரண்டு காலையும் ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஒரு காலில் முளையும் மறுகாலில் காடியும் இருக்கும், இரண்டும் ‘டக்’கென்று பூட்ட வேண்டும். அதன் பிறகு இடுப்பை 180 பாகை திருப்ப வேண்டும், திருப்பு மூட்டு இருந்தால். தலையை உள்ளே மடக்கி, கையை முழங்கையில் முழுக்க நேராக்கி, முஷ்டியைச் சுருட்டி, பானட்டுக்கு அடியில் நுழைக்க வேண்டும். அடுத்துக் கதவுகள். கூரை கடைசி.

பிள்ளைகள் செய்வது இதற்கு நேர்மாறு. கூரையை மூடினால் கார் மாதிரித் தெரிகிறது என்பதால் முதலில் கூரையை அமுக்குகிறார்கள். உள்ளே ஒரு முழங்கை 2 மில்லிமீட்டர் விலகி நிற்கும். அது கூரையை மேலே தள்ளும், பிள்ளை இன்னும் பலமாக அமுக்கும். கூரை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் கீலில் விரிசல் விழும். ஆகவே எங்காவது இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தை அமுக்க வேண்டாம். அதற்கு இரண்டு படி முன்னால் செய்ததில்தான் தவறு இருக்கும், அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்துவிட்டால் பாதி உடைசல் நின்றுவிடும். விளக்கத் தாளில் எழுத்து குறைவு, படம்தான். ஆனால் படங்கள் நகத்தளவு, அதுவும் சாம்பல் நிறத்தில் இருக்கும். முதல் முறை காரை ரோபோவாக்கும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். திரும்ப மூடும்போது அந்தப் படங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பார்த்தால் அதுவே வழிகாட்டி.

கண்ணாடிப் பாகம் மட்டும் ஏன் இப்படி விரிகிறது? ஒரே பொம்மையில் மூன்று நான்கு வகைப் பிளாஸ்டிக் இருக்கும். உடம்பின் கெட்டியான பாகங்கள் ஏபிஎஸ் என்ற வகை. இதற்குள் ரப்பர் கலந்திருக்கிறது. நம் தோட்டத்துக் கித்தா மரத்துப் பால் இல்லை, ஆலையில் செய்யும் பியூட்டாடையீன் ரப்பர். அந்த ரப்பர்தான் அடியைத் தாங்கிக்கொள்கிறது. வளைத்தால் ஏபிஎஸ் உடனே உடையாது, முதலில் அந்த இடம் வெளுக்கும். வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை, அங்கேயே நிறுத்த வேண்டும். கண்ணாடிப் பாகத்தில் இந்த எச்சரிக்கை கிடையாது, ஒரே அடியாக விரியும். அதன் துளையில் உலோக ஊசியை இறுக்கி அடித்திருந்தால் யாரும் தொடாமலே அந்த இடம் எப்போதும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அதனால் கண்ணாடிக் கூரையைத் திறக்கும்போது நுனியைப் பிடித்து நெம்பக் கூடாது. கீலுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்துத் திருப்ப வேண்டும்.

மூட்டுகளுக்கு வருவோம். பந்து மூட்டு எல்லாப் பக்கமும் திரும்பும். பலமாக இழுத்தால் உடையாமல் கழன்று வரும், திரும்ப அமுக்கினால் ஏறிக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கு இதுவே பாதுகாப்பு. கை கழன்றதும் ‘உடைந்துவிட்டது’ என்று குப்பையில் போடும் பெற்றோர் உண்டு, தயவுசெய்து பந்து முழுசாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இதன் குறை, நாளாக ஆகத் தளர்ந்துவிடும். பல் மூட்டு ‘கடக் கடக்’ என்று நின்று நின்று திரும்பும். எடை தாங்கும், எளிதில் தளராது. ஆனால் 12 பல் இருந்தால் 30 பாகைக்கு ஒரு முறைதான் நிற்கும், இடையில் நிற்காது. இடுப்பில் பல் மூட்டு வைத்துவிட்டுக் கணுக்காலில் சாயும் மூட்டு வைக்காத ரோபோவைக் காலை அகட்டி நிறுத்திப் பாருங்கள், பாதத்தின் ஓரம் மட்டும் தரையைத் தொடும். கணுக்கால் இருபக்கமும் சாய்கிறதா என்பது சின்ன விஷயமாகத் தெரியும். விளையாட்டுக்கு அதுதான் பெரிய விஷயம்.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் தொங்கும் ‘பெரிய சைஸ்’ நகல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 14 சென்டிமீட்டர் பொம்மையை அப்படியே 21 சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கி வார்த்தது என்று வைத்துக்கொள்வோம். உயரம் ஒன்றரை மடங்கு. எடை ஒன்றரை மடங்காக நிற்காது, நீளம் அகலம் கனம் மூன்றும் கூடுவதால் ஏறக்குறைய 3.4 மடங்காகும். கையின் நீளமும் கூடிவிட்டதால், தோள் மூட்டைக் கீழே இழுக்கும் திருப்பு விசை ஏறக்குறைய 5 மடங்கு. மூட்டை எவ்வளவு ஒழுங்காகப் பெரிதாக்கினாலும் அதன் உராய்வுப் பிடி 3.4 மடங்குதான் கூடும். அதாவது எந்தத் தவறும் செய்யாமலே அந்த மூட்டு முந்தையதைவிடப் பலவீனம். அதன்மேல் மலிவு ஊசியும் உள்ளே காலியான தொடையும் சேர்ந்தால் கை தொங்காமல் என்ன செய்யும்? காசு கையில் அளவாக இருந்தால் பெரிய நகலைவிடச் சின்ன அசலே மேல். காலி தொடைக்கு மட்டும் முழுப் பழியையும் கஞ்சத்தனத்தின்மேல் போட முடியாது. பிளாஸ்டிக்கைத் தடிமனாக வார்த்தால் ஆறும்போது உள்வாங்கிக் குழி விழும் என்பதால் சுவரை மெல்லிசாகத்தான் வார்க்கிறார்கள். நல்ல பொம்மையில் உள்ளே குறுக்குச் சட்டங்கள் இருக்கும், மட்டமானதில் இருக்காது.

கடையில் பொம்மை கையில் கிடைத்தால் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. வண்டி நிலையில் பிடித்துத் தலைகீழாக இரண்டு முறை உலுக்குங்கள். கதவோ பானட்டோ தானாகத் திறந்தால் பூட்டு பிடிக்கவில்லை என்று அர்த்தம், வேறொன்றை எடுங்கள். பிறகு நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் மேசையைத் தொடுகிறதா, உருட்டினால் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாத கார் எதற்கு? ரோபோவாக்கி ஒரு கையை நேராக நீட்டி விட்டு, மெல்ல இருபது வரை எண்ணுங்கள். கை இறங்கக் கூடாது. வார்ப்பின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், கீறினால் வேண்டாம். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தாலும் வேண்டாம். இரண்டு காலும் ஒரே பக்கத்துக் காலாக இருப்பதும் நடப்பதுதான், ஆலையில் மாற்றிப் பூட்டிவிடுவார்கள். பெட்டியைத் திறக்க விடாத கடையில் சன்னல் வழியே முழங்காலையும் பாதத்தையும் ஒப்பிட்டாவது பாருங்கள்.

பெட்டியின் மேல் எத்தனை படியில் மாறும் என்று போட்டிருந்தால் அதையும் படியுங்கள். படி கூடினால் தரம் கூடும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை கையில் ஒரு படியில் மாறும் பொம்மை நாளைக்கு ஐம்பது முறை மாறும். முப்பது படிப் பொம்மை ஒரு முறை மாறி, ரோபோவாகவே அலமாரிக்குப் போகும். 2003-இல் தொடங்கிய மாஸ்டர்பீஸ் போன்ற வரிசைகள் சேகரிக்கும் பெரியவர்களுக்கானவை. அதைச் சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு ‘பத்திரமாக வைத்துக்கொள்’ என்று அதட்டுவது பிள்ளைக்கும் பாவம், பொம்மைக்கும் பாவம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அண்ணனின் ரோபோவையும் கவனிக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மைக்கான சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியதாகக் கருதப்படும். ரோபோவின் சின்னத் துப்பாக்கி, ஏவுகணை, முஷ்டி எல்லாம் அதில் அடங்கிவிடும். விளக்கு எரியும் ரோபோ என்றால் பட்டன் பேட்டரியின் மூடி திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும். விரல் நகத்தால் திறக்க முடிந்தால் வாங்காதீர்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும். நம் மலேசியாவில் பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தர விதிமுறைகள் 2009-இலேயே வந்துவிட்டன. அதற்கு அடையாளமான எம்சி (MC) முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் தேடுங்கள்.

இனி பழுது. தளர்ந்த பந்து மூட்டுக்கு முதல் மருந்து பள்ளிக்கூட வெள்ளைப் பசை. கையைக் கழற்றி, பந்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, கழற்றிய நிலையிலேயே ஓர் இரவு விட்டு, மறுநாள் பூட்ட வேண்டும். போதாவிட்டால் இன்னொரு பூச்சு. பிடிக்காவிட்டால் கழுவி எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் வசதி. அதற்கும் இறுகாத பந்துக்குச் சூப்பர் குளூ. ஒரு துளியைப் பல்குத்தும் குச்சியால் பந்து முழுவதும் மெல்லிசாகத் தடவி, முற்றிலும் காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் பூட்டினால் அந்தத் தோள் இனி எந்த நாளும் திரும்பாது. கண்ணாடிப் பாகத்தின் பக்கமே சூப்பர் குளூவைக் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவியிலேயே கண்ணாடி பனி மூடியதுபோல் வெளுத்துவிடும். நகப்பூச்சும் வேலை செய்யும் என்பார்கள். அதில் இருக்கும் கரைப்பான் ஏபிஎஸ்ஸை இளக்கும் என்பதால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

சில முளைகள் மெழுகு தடவியதுபோல் வழவழவென்று இருக்கும், அது பாலிஅசிட்டால் என்ற பிளாஸ்டிக். தேய்மானம் தாங்கும், ஆனால் சாதாரணப் பசை எதுவும் சரியாக ஒட்டாது. அங்கே தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவை ஒரே ஒரு சுற்று சுற்றிச் செருகினால் துப்பாக்கி கையில் நிற்கும். இப்போதைய பொம்மைகள் பலவற்றில் ஆயுத முளையும் கைத்துளையும் 5 மில்லிமீட்டர்தான். அதனால் ஒன்றின் துப்பாக்கி மற்றதன் கையிலும் பொருந்தும், தொலைத்த பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

திருகாணி போட்ட மூட்டு தளர்ந்தால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். கழற்றிப் பூட்டும்போது திருப்புளியை முதலில் கழற்றும் பக்கமாகத் திருப்ப வேண்டும். ‘டிக்’ என்று பழைய மரையில் விழும், அதன் பிறகு இறுக்கும் பக்கம் திருப்பலாம். நேரடியாக இறுக்கினால் புது மரை வெட்டும். அப்படி இரண்டு மூன்று முறை ஆனால் துளை வழுக்கிவிடும், அல்லது துளைச் சுவரே பிளந்துவிடும். ஊசி அடித்த மூட்டைப் பிரிக்கத் துணிந்தால் ஊசியின் இரு நுனியையும் உற்றுப் பாருங்கள். ஒரு நுனியில் வரி வரியாகச் செதுக்கியிருக்கும். வழவழப்பான நுனியைத் தட்டி, வரியுள்ள நுனி வெளியே வரும்படி எடுக்க வேண்டும். மாற்றித் தட்டினால் வரிகள் துளை முழுவதையும் அறுத்துக்கொண்டு போகும்.

ஒடிந்த கைக்குப் பசை மட்டும் போட்டால் நிற்காது. இரு பக்கமும் நேருக்கு நேராக 1 மில்லிமீட்டர் துளையை 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போட்டு, காகிதக் கவ்வியின் கம்பித் துண்டை உள்ளே வைத்து ஒட்ட வேண்டும். துளையை மின் துளைக்கருவியால் போடாதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் உருகும். துளையூசியை விரலால் உருட்டியே போட்டுவிடலாம்.

நம் ஊர் வெக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. துத்தநாகக் கூரை வீட்டின் சன்னலோரம் ரோபோவின் எதிரி. வெயில் படும் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், ஒட்டுப்படம் ஓரத்தில் சுருளும், மென்பிளாஸ்டிக் கத்தி கோணிக்கொள்ளும். கோணிய கத்தியை வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, நேராக்கி, குளிர்ந்த நீரில் பிடித்தால் நிமிர்ந்துவிடும். கொதிக்கும் நீர் வேண்டாம், குளிக்கும் வெந்நீரைவிடச் சற்றுக் கூடிய சூடு போதும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் புழுதி மூட்டுக்குள் போனால் அரத்தைப் போலத் தேய்க்கும், பழைய பல் தூரிகையால் தட்டிவிடுங்கள். கிறீச்சிடும் மூட்டுக்குச் சைக்கிள் சங்கிலிக்கு அடிக்கும் எண்ணெயை அடிக்கிறார்கள். அதனால்தான் பல ரோபோக்களின் கழுத்து ஒரு வாரத்தில் விரிகிறது. பெட்ரோலிய எண்ணெய் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை விரியச் செய்யும். சிலிக்கான் எண்ணெய் ஒரு பொட்டுப் போதும். மென்மையான சக்கரம் உள்ள ரோபோவை மற்றொன்றின்மேல் சாய்த்துப் பெட்டியில் அடைத்து வைக்காதீர்கள். சக்கரத்தை மென்மையாக்கக் கலந்திருக்கும் இளக்கி கசிந்து, தொட்ட இடத்தை உருக்கிப் பள்ளமாக்கிவிடும். காகிதத்தில் தனித்தனியே சுற்றி வைத்தால் அந்தக் கவலை இல்லை. பழைய பொம்மை சேகரிப்பவர்கள் கவனிக்க இன்னொன்று: எண்பதுகளின் இறுதி முதல் வந்த பொன்னிற மினுக்குப் பிளாஸ்டிக் சிலவற்றை உருமாற்றவே கூடாது, மூட்டைத் தொட்டதும் பிஸ்கட்டாக உதிரும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கடைக்காரர் பெட்டியைத் தொட விடாவிட்டால் என்ன பயன்? இரும்புக் கடையில் பூட்டு வாங்கினால் சாவி போட்டுத் திருப்பிக் காட்டித்தான் கொடுக்கிறார்கள். பொம்மைக் கடைகளும் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பிரித்து, கயிற்றில் கட்டி, கல்லாப் பக்கத்தில் வைக்கட்டும். பாசார் மாலாம் வியாபாரிகளுக்கு இது இன்னும் சுலபம், அவர்களிடம் பாதிப் பொம்மைக்குப் பெட்டியே கிடையாது. அடுத்த தீபாவளிக்கு முன் தங்கள் ஞாயிறு பதிப்பில் பொம்மைக் கடை விளம்பரம் போட வருவோரிடம் ஆசிரியர் இதை ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பொம்மை பழுதுபார்க்கும் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.